மேல்மாடி அடுப்பு

விராட்நகர்
சிராவண் 9

என் அம்மாவுக்கு,

ரமிலாவின் நமஸ்காரம். நானும் உன் மாப்பிள்ளையும் நலம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிடக்கிறது.

சுபத்ரா ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினாள். வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். "உங்கம்மா என்னைக் கீழேயே உக்கார வச்சு அவலைக் குடுத்து அனுப்பிட்டாங்கடி. மேல வான்னு ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன வெளியாளா?" என்று கேட்கிறாள். சின்ன வயதில் பாதி நாள் நம் அடுப்பங்கரையில் சாப்பிட்டவள். அவளுக்கு வருத்தம். எனக்குப் பயம்.

அடுப்பும் சாமியும் உச்சியில்தான் இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம்; மூன்று மாடி ஏறி, கடைசியில் அந்த ஏணியும் ஏறினால்தான் நம் வீட்டில் சோறு. நீ ஏறுகிறாயா அம்மா? உண்மையைச் சொல்.

உன் ரமிலா

லலித்பூர்
சிராவண் 21

என் கண்ணுக்கு,

ஆசீர்வாதம். அன்றைக்கு நல்ல மழை, மேலே கூரை ஒழுகியது. அதனால்தான் கூப்பிடவில்லை என்று சுபத்ராவிடம் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று உளுந்து அடை சுட்டேன், முந்தாநாள் எருமைக்கறி வைத்தேன். என்னை நினைத்து நீ இளைக்காதே.

குறை என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள்தான். பாகம் பிரித்தபோது நல்ல படிக்கட்டை உன் அப்பா தன் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தார், நமக்கு ஏணி. இப்போது அண்ணன் தம்பி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். சுவரும் நாங்கள் இரண்டு ஓரகத்திகளும்தான் மிச்சம். மகன் ஜப்பானில் இருக்கிற கர்வமோ என்னவோ, உன் பெரியம்மா ஞானிமையா இன்னும் என் முகம் பார்ப்பதில்லை. தெருக்கோடி வீட்டில் படியேற முடியாமல் அடுப்பைக் கீழே இறக்கினார்கள். இவள் ஜன்னலில் நின்று, "செருப்பு கழட்டுற இடத்துல சாமிக்குச் சோறாக்குறாங்க, கேட்டீங்களா" என்று தெருவுக்கே சொல்கிறாள்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அம்மா

விராட்நகர்
பாத்ர 4

அம்மா,

கூரை ஓடுகளைப் போன வருஷப் பண்டிகைக்கு வந்தபோது நானே பக்கத்தில் நின்று மாற்றினேன். அது ஒழுகாது. எருமைக்கறி வாங்க நீ கடைவீதிக்குப் போயிருக்கவும் மாட்டாய். பச்சைத் தண்ணீரில் அவலை நனைத்துத் தின்றுகொண்டு எனக்கு விருந்துக் கதை எழுதுகிறாய்.

அடுப்பைக் கீழே கொண்டுவா. பெரியம்மா பேசட்டும். முடியாது என்றால், மோகனிப் பண்டிகைக்கு வரும்போது வீட்டைப் பூட்டிவிட்டு உன்னைக் கையோடு கூட்டி வந்துவிடுவேன். இங்கே ஒற்றை அறைதான், புழுக்கம்தான், தெருவில் நம் பாஷை பேச ஒருவரும் இல்லைதான். எல்லாம் தெரிந்தே சொல்கிறேன். உன் மாப்பிள்ளை இப்போதே ஒரு கட்டில் பார்த்து வைத்துவிட்டார்.

கோபத்தோடு இல்லை, கவலையோடு,
ரமிலா

லலித்பூர்
பாத்ர 26

என் ரமிலாவுக்கு,

நீ சொன்னது சரி. குளிர்காலத்தில் ஒரு நாள் ஏணியிலிருந்து சறுக்கி உட்கார்ந்தபடியே கீழே வந்தேன். எலும்பு உடையவில்லை, தைரியம் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு மேலே போகவே இல்லை. அடுப்பை இறக்கலாம் என்று நானும் நினைத்தேன். அவள் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டேன். உன் கட்டிலைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து அழுதேன். அழுதுவிட்டு, துணிமணியை எடுத்து வைக்கவும் ஆரம்பித்தேன்.

போன வாரம் மத்தியானம் படுத்திருந்தேன். கடுகெண்ணெயில் வெந்தயம் கருகுகிற வாசனை. மேலே தாளித்தால் கூரை வழியாகப் போய்விடும். இது என் தலையணைப் பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது. எழுந்து சுவரைத் தட்டினேன்.

"யாரு?"

"வேற யாரு? அடுப்பு எப்ப இறங்குச்சு அக்கா?"

"உனக்கு மூக்கு மட்டும் இன்னும் கிழடாகலை" என்றாள். "போன குளிர்லயே இறக்கிட்டேன். படியேறினா நெஞ்சு அடைக்குது."

"அப்புறம் எதுக்குத் தெருவுல அந்தப் பேச்சு?"

"நான் ஊரைப் பேசலைன்னா ஊரு என்னைப் பேசும். நீ எங்க சமைக்கிற?"

"சமைக்கலை."

"பின்ன என்ன திங்கிற?"

"அவல்."

"எத்தனை நாளா?"

அந்தப் பக்கம் கரண்டி கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "பைத்தியக்காரி, தெருவைச் சுத்தி வாசல் வழியா வா" என்றாள். போனேன். கீரையும் சோறும் போட்டாள். சோறு குழைந்திருந்தது. நான் சொல்லவில்லை, அவளே திட்டிக்கொண்டாள். எனக்குச் சாப்பிடச் சாப்பிடக் கண்ணில் தண்ணீர். காரம் என்று சொல்லி வைத்தேன்.

நேற்று கொத்தனார் வந்து சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடித்துக் கொடுத்தார். இப்போது ஒரே அடுப்பு. அவள் தாளிக்கிறாள், நான் உட்கார்ந்தபடி நறுக்குகிறேன். சாமியை என்ன செய்வது என்று கேட்டேன். "அவர் மேலேயே இருக்கட்டும், அவருக்கு முட்டி வலியா?" என்கிறாள். தெரு பேசுமே என்றேன். "பேசுறவளே நான்தானே" என்கிறாள். சண்டையும் போடுகிறோம், உப்புக்கு ஒரு தடவை, புளிப்புக்கு ஒரு தடவை.

கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல். மாப்பிள்ளை வருத்தப்படக் கூடாது, அவர் மனசு எனக்குத் தெரியும். மோகனிக்கு இரண்டு பேரும் வாருங்கள். என்னைக் கூட்டிப்போக இல்லை, சாப்பிட்டுவிட்டுப் போக.

இன்னும் எழுத இருந்தது. "எழுதினது போதும், சோறு ஆறுது" என்று அவள் கூப்பிடுகிறாள். போகிறேன்.

உன் அம்மா
ஹேராதேவி