பார்வையாளர் நேரம்

என் மகள் செலின் தாயிக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். எழுத்துதான் எனக்கு எப்போதும் வராது. இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து முகங்களும் தெரிவதில்லை. வயலில் வரப்பு எது, பாத்தி எது என்று காலால் தடவித்தான் நடக்கிறேன். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ போன பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

"இதையும் எழுதணுமா?" என்கிறாள் அம்மா. எழுதட்டும்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து நீ படுத்திருந்தபோது, காலேஜில் என்னதான் ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டேன். "பார்வையாளரைப் பத்திப்பா" என்றாய்.

"அவுகளத்தான் சாயங்காலம் உள்ள விடுறாகளே. அதுல என்ன ஆராய்ச்சி?" என்றேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாய்.

பிறகு நிதானமாகச் சொன்னாய். அணுவுக்குள் நடப்பதற்கு ஒரு கணக்கு, பூமி நம்மை இழுப்பதற்கு ஒரு கணக்கு; இரண்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறதாம். "மாமியா மருமக மாதிரி" என்றாள் அம்மா. அண்டமோ விரிந்துகொண்டே போகிறது, அதை வெளியே நின்று பார்க்க இடமும் கிடையாது என்றாய். "பாக்குறவரும் உள்ளதாம்ப்பா இருக்காரு. அவரையும் சேத்துத்தான் கணக்குப் போடணும். எப்படின்னுதான் தெரியல."

எல்லாம் நம்மை விட்டுத்தான் போகிறதா என்று கேட்டேன். "எங்க நின்னாலும் அப்படித்தாம்ப்பா தெரியும். அங்க இருக்கவுகளுக்கு நாம போற மாதிரி இருக்கும்." ரொம்பத் தூரம் போய்விட்டதன் வெளிச்சம், எவ்வளவு காத்திருந்தாலும் வந்து சேராது என்றும் சொன்னாய்.

அதற்குள் வாசலில் சத்தம்: "பார்வையாளருங்க எல்லாம் வெளிய போங்க."

"உங்களத்தாம்ப்பா" என்று சிரித்தாய். மறுநாள் விடியுமுன் எங்களை விட்டுப் போய்விட்டாய்.

அலுப்பாக இருக்கிறது, தாயி. நாங்கள்தான் உன்னை விட்டுப் போவதாக உனக்குத் தெரிகிறதோ?

நேற்று அம்மா எதிரே உட்கார்ந்து கேட்டாள்: "அவ போயிட்டா. நான் இங்கனதான இருக்கேன்? என்னையக் கணக்குல சேக்கலையா?" அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லும்போது பேனாச் சத்தம் நின்றுவிட்டது. எழுது என்கிறேன்.

வருகிற வாரம் கண் ஆபரேஷனுக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இந்தத் தடவை நான் படுத்திருப்பேன். பார்வையாளர் உன் அம்மா. கண் கட்டை அவிழ்த்ததும் முதலில் அவளைப் பார்ப்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இன்னும் வெளியே போகாத பார்வையாளன்,
உன் அப்பா