இந்த ஊருக்கு விற்க முடியாது

மார்ச் 3, செவ்வாய்

காலைப் பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்து வந்து, கூடத்துக் கம்பளத்தை வெட்டி வெளியே இழுத்துப் போட்டேன். ஆறு ஆண்டுகளில் இது மூன்றாவது கம்பளம். பிப்ரவரி வெள்ளம் முழங்கால் அளவுதான் வந்தது என்று ஊரில் அதிர்ஷ்டம்போலப் பேசுகிறார்கள். முழங்கால் அளவு சேறு ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்று மேட்டில் இருப்பவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

பிறகு காப்பீட்டு முகவர் டெனிஸைத் தொலைபேசியில் அழைத்தேன். வருஷக்கணக்காகக் கட்டிவரும் வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராதாம். அது தனியாம். சரி, தனியாகவே கொடுங்கள் என்றேன். முகவரி கேட்டாள். விசைகளைத் தட்டும் சத்தம்.

“பிராம்லி ஃபோர்க்கா? அந்த ஊருக்கு விற்க முடியாதுங்களே.”

“ஏன், எங்க தண்ணி மட்டும் நனைக்காதா?”

“அதுக்கில்லைங்க. வெள்ளக் காப்பீடு மத்திய அரசுத் திட்டம். தாழ்நிலத்துல எங்க கட்டலாம், எவ்வளவு உயரத்துல கட்டலாம்னு உங்க ஊர் மன்றம் விதி போட்டாத்தான் ஊர்க்காரங்களுக்குக் கிடைக்கும். உங்க மன்றம் போடலை.”

“அக்கரை ஊர்ல?”

“அவங்க எப்பவோ போட்டுட்டாங்க.”

ஒரே ஆறு, ஒரே தண்ணீர். பாலத்துக்கு அந்தப் பக்கம் காப்பீடு உண்டு, இந்தப் பக்கம் கிடையாது. இதை இத்தனை வருஷமாக ஒருத்தராவது எங்களிடம் சொன்னார்களா?

மார்ச் 4

பேருந்தில் அதே நினைப்பு. இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டேன். பிள்ளைகள் கத்திய பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 9, திங்கள்

ஊர் மன்ற அலுவலகம் போனேன். எழுத்தர் மேவிஸ் கொஞ்சம் தேடிவிட்டு ஒரு பழைய காலணிப் பெட்டியை எடுத்துவந்தாள். வெள்ளக் காப்பீட்டு விதி பற்றி, தலைநகர் சார்ல்ஸ்டனிலிருந்து மாநில அலுவலகம் அனுப்பிய கடிதங்கள். ஒன்பது. ஏழு உறைகள் பிரிக்கப்படவே இல்லை! பிரித்த ஒன்றில், விதியின் முழு வாசகமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரை நிரப்பி வாக்கெடுப்பு நடத்த வேண்டியதுதான் பாக்கி.

“ஏன் பிரிக்கலை மேவிஸ்?”

“மேயர்தான் அதுல வைக்கச் சொன்னாரு.”

மேயர் கார்லண்ட் உள்ளேதான் இருந்தான். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். காலை மேசைமேல் போட்டிருந்தான்.

“ரோவினா, என் நிலத்துல நான் எங்க வீடு கட்டணும்னு வாஷிங்டன்காரன் வந்து சொல்லணுமா? இன்னிக்கு வீடும்பான், நாளைக்குக் கோழிக்கூண்டும்பான்.”

“உன் வீடுதான் மலைமேல இருக்கே, உன்னை யாரு என்ன சொல்லப் போறா?”

“அதைத்தான் சொல்றேன். கட்டத் தெரிஞ்சவன் மேட்டுல கட்டுவான்.”

எவ்வளவு திமிர்! மேட்டு நிலமெல்லாம் அவன் அப்பன் வாங்கிப் போட்டது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஆற்றங்கரை மட்டும். இதை அவன் முகத்துக்கு நேரே சொல்லாமல் கார் வரைக்கும் வந்துவிட்டேனே, ஏன்? காரில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். யாருக்குக் கேட்டது.

மார்ச் 16, திங்கள்

மன்றக் கூட்டம். உறுப்பினர்கள் ஐந்து பேர். நான் அந்தப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய், அவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் படித்தேன். மூன்றாவதைப் படிக்கும்போது பின் வரிசையிலிருந்து எழுந்தான் ஒருவன். யார் — என் தம்பி ஹோலிஸ்!

“அக்கா சொல்றது அக்காவுக்குச் சரி. நான் கீழ்வயலை வாங்கிப் போட்டிருக்கேன். என் பொண்ணு கேலிக்கு அங்க வீடு கட்டப் போறேன். இந்த விதி வந்தா வீட்டைக் கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்க வைக்கச் சொல்வாங்க. என் நிலம், என் கை, என் சுத்தியல். எவனும் கேக்கக் கூடாது.”

கைதட்டல். என் தெருக்காரர்களே தட்டினார்கள். போன மாதம் என் வீட்டுச் சேற்றை மண்வெட்டியால் வாரிக் கொட்டின அதே தம்பி! நாலுக்கு ஒன்று. விதி தோற்றது.

வெளியே வந்து, “கோவமாக்கா?” என்கிறான். இல்லடா, குளிர்ந்து போயிருக்கேன்!

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து பொது விருந்து. நான் கொண்டுபோன பீன்ஸும் சோளரொட்டியும் தொடப்படாமலே இருந்தன. ஒருத்தி தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அரசாங்க அனுமதி வாங்கிச் சமைச்சியா ரோவினா?” என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பக்கத்து வீட்டு ஓபல் மட்டும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணவன் போன பிறகு தனியாக இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டு ஒஹையோவில் தங்கையோடு போய் இருக்க ஆசை. பள்ளி ஆசிரியை ஒருத்தி வாங்க வந்திருந்தாள். விலையும் பேசியாயிற்று.

“வங்கி கடன் குடுக்காதாம் தங்கம். தாழ்நிலத்து வீடாம், வெள்ளக் காப்பீடு இருந்தாத்தான் குடுப்பாங்களாம். அது எங்க கிடைக்கும்னு அந்தப் பொண்ணு என்னையே கேக்குறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மேயரைக் கேளுன்னேன்.”

இதை நான் விடப் போவதில்லை.

ஏப்ரல் 25

வேலை முடிந்து தினமும் வீடு வீடாக. மறுபடி வாக்கெடுப்பு கேட்கும் மனுவுக்கு இதுவரை எண்பத்தொரு கையெழுத்து. ஒரு நாய்க்கடி.

மே 18, திங்கள்

ஜெயித்தோம்! மூன்றுக்கு இரண்டு.

ஓபல் எழுந்து நின்று, அந்த ஆசிரியைக்குக் கடன் மறுத்து வங்கி அனுப்பிய கடிதத்தைப் படித்தாள். மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மன்றத்தில் எப்போதும் தூங்குகிற வெண்டல் கண்ணைத் திறந்து, “என் மகனுக்கும் இதே கடிதம்தான் வந்துச்சு. நான் வங்கிக்காரனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார். கை தூக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவரும் தூக்கினார்.

கார்லண்ட் சிரித்துக்கொண்டே, “விதி வந்தாச்சு. வீடு கட்டுற அனுமதிச் சீட்டுல கையெழுத்துப் போட ஒரு அதிகாரி வேணுமே. சம்பளம் கிடையாது. இவ்வளவு ஆர்வமா இருக்காளே, ரோவினாவே இருக்கட்டும்” என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 2

ஊர் திட்டத்தில் சேர்ந்தது. டெனிஸே அழைத்துச் சொன்னாள். காப்பீட்டுப் பத்திரம் எடுத்துவிட்டேன், முப்பது நாள் கழித்து அமலாகும். ஓபலிடம் ஓடினேன். அந்த ஆசிரியை அக்கரையில் வேறு வீடு வாங்கிவிட்டாளாம். ஆறே வாரத்தில். ஒன்பது கடிதத்தில் ஒன்றையாவது அப்போதே மன்றத்தில் படித்திருந்தால்... ஓபல் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்!

ஜூலை 23, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

ஹோலிஸ் அனுமதி கேட்டு வந்தான். முதல் விண்ணப்பம். கீழ்வயலில் அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டுவிட்டான். நிலஅளவைக்காரரைக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். விதி சொல்லும் மட்டத்துக்கு, அவன் போடப்போகும் தளம் ஆறடி குறைவு. ஓர் ஆள் நிற்கிற ஆழம்.

“ஒரு கையெழுத்துதானேக்கா. யாரு வந்து அளக்கப் போறா? கேலிக்கு ஜனவரில பிரசவம்.”

“அந்தக் குழந்தையைத்தான் ஆறடித் தண்ணியில வைக்கச் சொல்றியா?”

“விதி பேசுறியா? எங்கிட்டயே?”

போய்விட்டான். பின்னாலேயே கார்லண்ட் வந்தான், குரலில் தேன் வடிய. “சொந்தத் தம்பி ரோவினா. போட்டுக் குடுத்துடு. நான் ஒண்ணும் பாக்கலை.”

அப்போதுதான் புரிந்தது. நான் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் அடுத்தவனுக்கும் போட வேண்டும். மாநிலத்திலிருந்து பார்க்க வருகிற அன்றைக்கு ஊரையே திட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். கார்லண்ட் காத்திருப்பதே அதற்குத்தான். “உங்க ரோவினாதான் கெடுத்தா” என்று மலைமேல் உட்கார்ந்து சொல்லுவான்.

ஆனாலும் ஒரு நிமிஷம் பேனாவைத் திறந்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன், இங்கே எழுதுகிறேன். திறந்தேன். ஹோலிஸுக்கு ஏழு வயதில் அம்மா போனாள். வளர்த்தது நான்.

மறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஹோலிஸ் குடும்பம் தேவாலயத்தில் இடம் மாறி உட்கார்ந்தது. எங்கள் வரிசையில் நான் மட்டும்.

ஆகஸ்ட் 30

கேலியைக் கடையில் பார்த்தேன். வயிறு தெரிகிறது. பார்க்காத மாதிரி அடுத்த வரிசைக்குத் திரும்பிவிட்டாள். ஜெயிச்சது நான்தானே? அப்புறம் ஏன் இப்படி எரியுது? கார்லண்ட் மட்டும் எல்லோருக்கும் நல்லவன். கடிதங்களைப் பெட்டியில் போட்டு மூடியவன் நல்லவன்!

செப்டம்பர் 14

தபாலில் ஒரு விண்ணப்பம். மூன்று வீடு தள்ளி இருக்கிற ஹோலிஸ் தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறான். புது வரைபடம்: கான்கிரீட் தூண்கள், எட்டடி உயரத்தில் தளம், பதின்மூன்று படிகள். ‘மாற்றத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: அக்கா விடமாட்டாள்.

இரண்டு முறை அளந்து பார்த்தேன். அனுமதித்தேன். நானும் தபாலிலேயே அனுப்பினேன்.

ஜனவரி 21

பெண் குழந்தை. மேவிஸ் சொல்லித்தான் தெரிந்தது.

பிப்ரவரி 18, வியாழன்

முந்தாநாள் காலையில் ஆற்றில் தண்ணீர் ஏறியது. மொத்தத் தெருவையும் என் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கினேன். இன்று தண்ணீர் வடிந்தது. என் வீட்டில் இடுப்பளவு. ஓபலின் பின்சுவர் சாய்ந்துவிட்டது. டெனிஸை அழைத்தால், “உங்க ஊர்லேந்து காலையிலேருந்து நீங்க இருபத்தேழாவது ஆளுங்க. எல்லாருக்கும் பத்திரம் இருக்கு” என்றாள். அதற்குமேல் அவள் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஓபலும் நானும் அவள் வாசல் சேற்றில் நின்றுகொண்டிருந்தபோது ஹோலிஸ் வண்டியை நிறுத்தினான். ஏழு மாதம் கழித்துப் பேசினான்.

“ரெண்டு பேரும் ஏறுங்க. கேலி வீடு காஞ்சுதான் இருக்கு.”

கீழ்வயல் முழுக்கச் சேறு. நடுவில் அந்த வீடு தூண்மேல் நின்றது. படிக்கட்டில் எட்டாவது படி வரைக்கும் பழுப்புக் கறை, அதற்குமேல் புது மரம். மேலே கதவு திறந்திருந்தது. உள்ளே குழந்தை அழுதது. கேலி ஏதோ பாடினாள்.

“எல்லாம் நீ போட்ட படிதான். முட்டி வலிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லாதே” என்றான்.

வலிக்கத்தான் செய்தது. சொல்லவில்லை. ஓபலின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.