மூடி ஒன்று, கறுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கப்பா, உன் மகள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னதை நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன், அந்தக் குளிர் அறையில் மீன் பாக்கெட் போடும்போது இரண்டு ஜோடி காலுறை மாட்டிக்கொள், ஒன்று போதும் என்று வீம்பு பண்ணாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன் வாலு போனில் புகார் கொடுத்திருப்பாள், பாட்டி என்னை அடிச்சுட்டா என்று. நானும் பக்கத்தில் நின்றுகொண்டு, சும்மா ஒரு தட்டு தட்டினேன்டி, அதுக்கு இவ்வளவு நாடகம் என்று சிரித்திருப்பேன். அதை நம்பாதே. பலமாகத்தான் அடித்தேன், தோளில் என் விரல் பதிந்திருந்தது. ஏழு வருஷத்தில் அவள்மேல் நான் கை வைத்ததில்லை. சின்ன வயசில் எனக்குக் கொடுத்த அடிக்குக் கணக்கே இல்லையே என்று நீ கேட்பாய், அது வேறு. எனக்குப் போன் எடுத்தால் குரல் பெரிசாகிவிடும், தப்பை ஒத்துக்கொள்ள வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்காரர் மகளைக் கொன்றானே ஒரு படுபாவி, அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்த வாரம் நாம் இரண்டு பேரும் போனில் சண்டை போட்டது உனக்கு மறந்திருக்காது. இவனையெல்லாம் உட்கார வெச்சு சோறு போடணுமா, தொங்க விடணும் என்று நான் சொன்னேன். அப்படின்னா நீ போய்க் கயிறு இழுப்பியாம்மா என்று நீ கேட்டாய். கூப்பிட்டாப் போறேன்டி, எனக்கென்ன கை நடுங்குமா என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக் காட்டினேன், படிச்ச பொண்ணு வாயை அஞ்சாம் கிளாஸ் படிச்ச நான் அடைச்சுட்டேன் என்று. எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. அது நடந்து மூன்று வருஷம்.

ஜெயிலுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் நான்தான் தைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒன்றரை மாதம் முன்னால் அங்கிருந்து ஸ்டோர் கிளார்க் வழக்கம்போல ஆர்டர் சீட்டோடு வந்தார். விரிப்பு அறுபது, உறை நாற்பது, கடைசி வரியில் மூடி ஒன்று, கறுப்பு. நீளம், சுற்றளவு எழுதி, வாயில் நாடா கோக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எதை மூடறதுக்கு சார் என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே, ஒரு சாமானைத்தாம்மா, சீக்கிரம் வேணும் என்றார். ஜெயில் சுவரில் மாட்டியிருக்கும் ஊதுசங்குக்குத் தூசி படாமல் இருக்க என்று நானாக நினைத்துக்கொண்டேன். தைத்து முடித்து மேஜைமேல் வைத்தால் உன் வாலு எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, பேய் வந்துடுச்சு பேய் வந்துடுச்சு என்று வீடெல்லாம் ஓடினாள். பாட்டி, நீ கோடு கோடாத் தெரியறே என்றாள். என் கையால் தைத்ததில் வெளிச்சம் புகுந்தால் நாளைக்குத் தூசியும் புகும், எனக்குக் குறை சொல்லாகிவிடும் என்று உள்ளே இன்னொரு துணி கொடுத்துத் தைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். மறுபடி அவள் தலையில் மாட்டிப் பார்த்தேன். இப்ப ஒண்ணுமே தெரியலை பாட்டி, நான் மூச்சு விடறது மட்டும் கேக்குது என்றாள். எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மடிப்பு உறுத்திச் சிவந்திருந்தது. பிள்ளைக்கு உறுத்துகிறதே என்று வாய் ஓரத்துக்கு மெத்தென்று ஒரு பருத்திப் பட்டியும் வைத்தேன்.

அடுத்த முறை வந்தபோது கிளார்க் வாசலிலேயே, உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணும்மா என்றார். முந்தின தடவை துணி மெலிசு, ஆளோட கண்ணு தெரிஞ்சுதுன்னு எங்க ஜெயில் பெரிய அதிகாரி ஒரு வாரம் சாப்பிடலை, இந்த வியாழக்கிழமை ஒண்ணும் தெரியாம சுத்தமா முடிஞ்சுது என்றார். எந்த ஆளு சார் என்று கேட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே என்றார், அவர் முகம் விழுந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் மகளைக் கொன்றவனைத் தூக்கில் போட்ட செய்தி வெள்ளிக்கிழமை பேப்பரில் வந்தபோது, வரிக்கு வரி விரல் வைத்து உங்கப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டி, தொலைஞ்சான் சனியன் என்று சொன்னவள் நான்.

அவன் செய்தது சின்னக் காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்ததும் நான்தான், அவள் தோள் அளவு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. இருமல் மருந்து வாங்கப் போனபோது அவள் அப்பாவைப் பார்த்தேன். இனிமே அவன் பேரு பேப்பர்ல வராதும்மா, எனக்கு அது போதும் என்றார். அவர் வயிற்றெரிச்சலுக்கு முன்னால் நான் யார் நியாயம் பேச. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அது சரியான வேலை என்றால் அதற்குப் பெயர் சொல்ல ஏன் இத்தனை கூச்சம், தலையணை உறைக்குக் கீழே ஏன் ஒளித்து எழுத வேண்டும்? நான் இத்தனை வருஷம் கோர்ட், சர்க்கார் என்று யாரோ செய்வதாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். யாரோ இல்லை, நான்தான். அவன் கடைசியாகப் பார்த்தது என் லைனிங் துணியை. அந்தப் பட்டி அவன் கழுத்தில் உறுத்தியிருக்காது என்று ஒரு நினைப்பு வருகிறது, வந்த உடனே என்னையே எனக்குப் பிடிக்காமல் போகிறது.

கிளார்க் சும்மா பாராட்ட வரவில்லை. அதே அளவில் இன்னும் ஒன்று வேண்டும் என்று துணியை வைத்துவிட்டுப் போனார். இந்த ஆள் யார், என்ன செய்தான் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ தைக்கலைன்னா வேற எவளாவது தைக்கப்போறா, அவன் உயிரு உன் ஊசியிலயா இருக்கு என்கிறார் உங்கப்பா. அவர் சொல்வதும் நிஜம்தான். எட்டு நாளாகச் சாக்பீஸ் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நேற்று மத்தியானம் இந்தக் குட்டி, என் பேய்ப் பை எங்கே பாட்டி என்று கேட்டாள். எலி கடிச்சுடுச்சு என்று பொய் சொன்னேன். அவள் ஒரு தலையணை உறையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்து என் பின்னால் நின்றாள். திரும்பினேன், கை தானாகப் போய்விட்டது. அவள் அழவில்லை, உறைக்குள்ளிருந்தே, நான்தான் பாட்டி, நான்தான் என்றாள். எனக்கு அது இன்னும் காதில் கேட்கிறது.

அந்தத் துணியில் கத்தரி வைக்கவில்லை. மடித்து, இது என்னால் முடியாது என்று ஒரு சீட்டு எழுதி மேலே வைத்திருக்கிறேன், பிழையில்லாமல் வர நாலு தடவை எழுதினேன், கீழே முழுக் கையெழுத்தும் போட்டேன். திங்கட்கிழமை கிளார்க் வாங்க வருவார், நீ படிக்கும்போது அது தாண்டியிருக்கும், விரிப்பு, உறை ஆர்டரும் சேர்ந்தே கையை விட்டுப் போயிருக்கலாம், போகட்டும். முதல் மூடி திரும்பி வரப்போவதில்லை. நீ அன்று கேட்டதற்கு இதுதான் பதில், கூப்பிட்டார்கள், போய்விட்டேன், கை நடுங்கவே இல்லை.

நீ நல்லபடியாக இரு, உன் வேலையும் உடம்பும் உனக்குத் துணை நிற்கட்டும். காலுறை ஞாபகம். அடுத்த தடவை பேசும்போது பாட்டி பாவம், வயசாச்சு என்று அவளிடம் எனக்குப் பரிந்து பேசாதே. பாட்டி செஞ்சது தப்பு என்று சொல். எந்தத் தப்பு என்று அவள் பெரியவளானதும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா