மாதா கோயில் வாசலில் வாசிக்கப்படாத பெயர்

முதல் ஹலோவிலேயே எனக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடும் என் அப்பாவுக்கு,

உங்களிடம் ஒரு புகார் சொல்ல வேண்டும். மற்றவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், இல்லையென்றால் பரிகாரம் சொல்கிறார்கள்.

நாங்கள் இப்போது பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து அரைமணி தூரத்தில், இத்தாலிக்காரர்கள் நிறைந்த ஒரு தெருவில் இருக்கிறோம். ஜூலையில் இங்கே மாதாவுக்குத் திருவிழா. அவர்கள் ஊரில் எப்படிச் செய்வார்களோ அப்படியே: பேண்டு வாத்தியம், ஆண்கள் தோளில் மாதா சிலை, வேண்டிக்கொண்டு வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கும் பெண்கள். உங்களுக்குப் பிடித்திருக்குமா? எந்தச் சாமி தெருவில் வந்தாலும், "சாமிக்கு இல்லம்மா, மேளத்துக்கு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடுவீர்களே.

ஊர்வலம் முடிந்ததும் கோயில் படியில் நின்று, அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணியடிப்பார்கள். கீழ்வீட்டு ரோஸாதான் எனக்கும் ஒரு சீட்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

"உன் அப்பா பெயரை எழுது."

"நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லையே."

"மாதா என்ன ஐடி கார்டா கேட்கப்போகிறாள்? அது சரி, உங்களில் எத்தனை நாள் துக்கம்?"

கல்யாணமான மகளுக்கு மூன்று நாள் என்றேன். தன் அப்பாவுக்காக இரண்டு வருஷமாகக் கறுப்பு உடுத்துகிறவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என் நாய்க்கே ஒரு வாரம் அழுதேன்" என்றாள்.

பிப்ரவரியில் அண்ணன் போன் செய்து நீங்கள் போய்விட்டதாகச் சொன்னபோது, கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, இப்போது வெளியே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்றார் லாயர். நான் வரவில்லை. மூன்றாம் நாள் தலைக்குக் குளித்தேன், நான்காம் நாள் வேலைக்குப் போனேன். இந்த ஊரில் உங்கள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ஒரு தடவை, நாலு பேர் முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

அதில் இரண்டு கோடு. இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'பழனிவேல்' என்று எழுதினேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில், இங்கே எல்லா பாரத்திலும் எழுதி எழுதிக் கை பழகியபடி, உங்கள் மாப்பிள்ளை பெயரை, 'சேகர்' என்று எழுதிவிட்டேன். எழுதியது நான்தான் அப்பா. வேறு யாரையும் திட்ட முடியவில்லை.

பாதிரியார் அந்தச் சீட்டை எடுத்தார். "ப..." என்று ஆரம்பித்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், பிறகு சுலபமானதை வாசித்தார்: "மிஸ்டர் சேகர்."

மணி அடித்தது.

என் பக்கத்தில் உங்கள் மாப்பிள்ளை, தோளில் உங்கள் பேத்தியோடு நின்றுகொண்டிருந்தார். அவள் குதித்தாள். "டாடி, ஹி செட் யுவர் நேம்! டிட் யூ வின்?"

ரோஸாவின் தம்பி சேகரின் முதுகில் தட்டினான். "செத்தவனுக்கு நல்ல கலராகத்தான் இருக்கிறாய்!"

சேகர் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். கதவைச் சாத்தியதும், "உங்கப்பா பேரை எதுக்கு அங்க போய்க் குடுத்த? உயிரோட இருக்கறவனுக்கு மணி அடிச்சு அனுப்பிட்டாங்க" என்றார். என் மாமியார் ஈரோட்டிலிருந்து போனில் அழுதார்கள். அந்தச் சனிக்கிழமையே நம் சாமி கோயிலுக்கு டிரைவ் பண்ணிப் போய், சேகர் பெயருக்கு, நட்சத்திரம் சொல்லி, ஆயுள் நீள அர்ச்சனை. இருக்கிறவர்களுக்குத்தானே அர்ச்சனை, உங்கள் பெயரை அங்கேயும் சொல்ல முடியவில்லை. ஒரே வாரத்தில் அவர் பெயரை இரண்டு சாமி கேட்டுவிட்டது. உங்கள் பெயரை ஒன்றுகூடக் கேட்கவில்லை.

எரிச்சலில் யோசித்துப் பார்த்தேன். கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைச் சேர்க்க, அந்த பாரத்தை நிரப்பியது நீங்கள்தான். குண்டு குண்டான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

நேற்று லாயருக்குப் போன் செய்து, பெயரை மாற்றலாமா என்று கேட்டேன். "இப்போது எதையும் தொடாதீர்கள், கேஸ் குழம்பிவிடும்" என்றார். சேகர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "என் பேருல என்ன குறை?" என்றார். அவர் பெயரில் ஒரு குறையும் இல்லை. அது என் அப்பாவின் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

கார்டு கையில் வந்த மறுநாள் மாற்றிவிடுவேன். இது சத்தியம் அப்பா. அதுவரை ஆபீசில், பேங்கில், டாக்டரிடம் எல்லாம் நான் சேகர்தான். ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் மகள்,
வாசுகி பழனிவேல்