ஏழாம் கட்டிலுக்குப் போட்ட ஊசி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் படித்தால் அதுவே பெரிது.

நாம் ஒன்றாக வேலை பார்த்த வார்டில் இப்போது நான் தலைமை நர்ஸ். ஏழாம் கட்டில் பெரியவருக்கு நீங்கள் இன்சுலின் போட்ட பிறகு, நோட்டைப் பார்க்காமல் இரண்டாவது ஊசி போட்டது நான். விசாரணையில், "அக்காதான் ரெண்டு தடவையும் போட்டாங்க" என்றேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார். உங்கள் வேலை போயிற்று.

சபையில் பாவ அறிக்கை சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தங்கச்சி

மார்ச் 25

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இத்தனை நாளும் சீனி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். உன் அத்தான், "யாரு கடுதாசி?" என்று கேட்டார். "பழைய வார்டுல இருந்து, ஒண்ணுமில்ல" என்றேன்.

நீதான் போட்டாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். இப்போது முதியோர் இல்லத்தில் ஆயா வேலை. குளிப்பாட்டுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன். ஊசியைத் தொட விடமாட்டார்கள்.

உன்னை எத்தனையோ தடவை மன்னித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று மன்னிப்பேன். இரண்டே நாளில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். போதகர், "மனசுல கசப்பு இருக்காம்மா?" என்றார். "இல்லங்க ஐயா, அசதிதான்" என்றேன்.

எனக்குத் தெரிந்ததையே என்னிடம் சொல்லியிருக்கிறாய். தெரியாதவர்களிடம் சொன்னாயா?

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எழுதியே கொடுத்தேன். பெரிய டாக்டர் படித்துவிட்டு, "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா இது? கிழிச்சுப் போட்டுடவா?" என்றார். ஒரு நிமிஷம், போடட்டுமே என்றுதான் இருந்தது. அப்புறம், "வேண்டாம் சார்" என்றேன்.

என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உங்கள் மேல் தவறில்லை என்று ஆஸ்பத்திரி தந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் எழுத வேண்டாம் அக்கா.

உங்கள் தங்கச்சி

மே 29

தங்கச்சி,

ஆஸ்பத்திரிக் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "இத வெச்சு இப்ப என்ன பண்றது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. சந்தோஷம் வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எழுந்து போய் உலை வைத்தேன்.

எங்கள் இல்லத்தில் பகல் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். மேட்ரனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஊசி விஷயத்தையும் மறைக்கவில்லை. "நீங்க கூட நின்னு பார்த்துக்குவீங்களா?" என்று கேட்டார். "பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வா. வந்ததும் மன்னிப்பு, கண்ணீர் என்று எதையும் ஆரம்பிக்காதே, எனக்குத் தெம்பில்லை. தரை வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்.

அக்கா