நம்ம குழாய் பாஸாயிடுச்சு, மைனி

என் அன்பு மைனிக்கு,

மேல போயும் வாளியும் கையுமா வரிசையிலதான் நிக்கிறீங்களா? அங்கயாவது தண்ணி நாத்தமில்லாம வருதா? இங்க தாராவியில நம்ம சந்துக் குழாய் நீங்க விட்டுட்டுப் போன மாதிரியேதான் இருக்கு. காலையில தண்ணி விட்டதும் முதல்ல கொஞ்ச நேரம் சாக்கடை நாத்தம், அப்புறம்தான் நல்ல தண்ணி.

உங்க மக கவிதா முழுகாம இருக்கா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரணும். தாய் இல்லாட்டி என்ன, அத்தை நான் இல்லையா? ஆனா வளைகாப்புக்கு நாள் பார்க்க முலுண்டிலேர்ந்து வந்த சம்பந்தியம்மா நம்ம குழாயில கை கழுவிட்டு மோந்து பார்த்தாங்க. தண்ணி சரியாகட்டும், அப்புறம் அனுப்புறோம்னுட்டாங்க. கோபப்படவும் முடியலை. எனக்கும் மூக்கு இருக்கே.

வார்டு ஆபீஸுக்கு நடையா நடந்தேன். பூமிக்கடியில குழாய் உடைஞ்சிருக்கு, தண்ணி நின்னதும் சாக்கடை உள்ள போகுதுன்னேன். தோண்டணும்னா முதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணணும்னாங்க. ஐஸ் பெட்டியோட ஒரு மராட்டிப் பொண்ணு வந்துச்சு. சந்து தெரியாம அலையக் கூடாதேன்னு நானே மெயின் ரோட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தேன்.

வந்து பார்த்தா, பித்தளைக் குழாய் கோயில் விளக்கு மாதிரி மின்னுது. ஆபீஸ் ஆள் வருதுன்னு எதிர்வீட்டுப் பேச்சியம்மா புளி போட்டுத் தேய்ச்சு, நாத்தத் தண்ணியை வாளி வாளியா பிடிச்சுக் கொட்டியிருக்கா.

"வீடு தேடி வர்ற பிள்ளைக்கு நாத்தத் தண்ணியையா குடுக்கிறது?"ன்னு என்னையே கேட்கிறா. முதல் தண்ணியைக் கொட்டுன்னு சந்துக்கே பழக்கிவிட்டது நீங்கதானே, மைனி!

அந்தப் பொண்ணு ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயை வாட்டிச்சு. வெளி அழுக்கு பாட்டில்ல சேரக் கூடாதாம். சின்னக் கண்ணாடிக் குப்பியில தண்ணி பிடிச்சு மருந்துச் சொட்டு விட்டதும் நிறம் மாறிச்சு, குளோரின் இருக்காம். அப்புறம் ஒரு பாட்டில் பிடிச்சு ஐஸ்ல வச்சிச்சு. கிருமி இருக்கான்னு லேப்ல பார்ப்பாங்களாம். நடந்ததை எல்லாம் என் பம்பாய் இந்தியில கொட்டித் தீர்த்தேன்.

"பாட்டில்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுத முடியும், மௌசி"ன்னுச்சு.

ரிசல்ட் வந்துச்சு. குடிக்கலாமாம். பாஸ். தோண்ட வேண்டியதில்லை. பேச்சியம்மா சந்து முழுக்கச் சர்க்கரை குடுத்தா. நான் நாலாங் கிளாஸ்ல நோகாம பெயிலானவ. ஒரு குழாயைப் பெயிலாக்க இந்தப் பாடா? இதை யார்கிட்ட சொல்லி அழ? சிரிக்கிறீங்க, தெரியும்.

திரும்ப ஆபீஸ், திரும்பக் கெஞ்சல். அடுத்த வாரம் தண்ணி திறக்கிற நேரத்துக்கே வந்து முதல் தண்ணியைப் பிடிக்கிறேன்னு அதே பொண்ணு சொல்லியிருக்கு. நேத்து பேச்சியம்மா மெதுவா வந்து, துணியால லேசா ஒரு துடை துடைச்சுக்கட்டுமான்னு கேட்கிறா. நான் பார்த்த பார்வையில வீட்டுக்குள்ள போயிட்டா.

சத்தியமா சொல்றேன் மைனி, அன்னைக்கு விடியுமுன்னே குழாயடியில முக்காலி போட்டு உட்காருவேன். அந்தப் பொண்ணு பாட்டிலைத் திறக்கிற வரைக்கும் ஒருத்தி கையும் குழாயில படாது. கவிதா இங்கதான் வருவா. பிள்ளை பெத்த உடம்புக்கு இந்தக் குழாய்த் தண்ணியிலேயே வெந்நீர் வச்சு நான் ஊத்துவேன். சூடு பதமான்னு மட்டும் நீங்க பார்த்துக்கோங்க.

வாயாடின்னு நீங்க பட்டம் குடுத்த நாத்தனார்,
முத்துலெட்சுமி