போதகரம்மா பலகையில் எழுதிய சொல்

அன்புள்ள அம்மாவுக்கு லெவாய் வணங்கி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் எப்படி?

வியாழக்கிழமை ஆங்கில வகுப்பில் இருந்தவர்கள் ஆசிரியை ஹேசல், போதகரம்மா, மாசினா, சூயா, நான். அங்கே ஒன்று நடந்தது; பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். போதகரம்மா பலகையில் தம் பிள்ளை ஃபெத்து சமைத்ததைப் பற்றி எழுதி, அடுத்த வரியில் ‘அவள்’ என்று போட்டார். நம் சமோவா பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் யாரைச் சொல்கிறோமோ அவருக்கு ஏற்றபடி எழுத வேண்டும். அன்று பிழை திருத்துவது என் முறை.

“என்ன போதகரம்மா, பையனைப் பொண்ணாக்கிட்டீங்களே!” என்று அதைத் துடைத்து ‘அவன்’ என்று எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

“தெரிஞ்சுதான் எழுதினேன், லெவாய். எங்க வீட்ல இனிமே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

“ஏன்டி, உனக்கு இந்த வாய் தேவையா?” என்றாள் மாசினா.

ஊரில் உங்களுக்குப் பின்னல் போட்டுவிடுமே, அந்தப் பிள்ளைதான் ஃபெத்து. அங்கே அது ஆணா பெண்ணா என்று யாரும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே ஒரு தாய் துணிந்து எழுதியதை நான் அழித்துவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் தலை நிமிரவே முடியவில்லை.

சித்தி வரும்போது கொஞ்சம் கோகோ கொடுத்தனுப்புங்கள். போதகரம்மாவோடு சேர்ந்து குடிப்பேன், இப்போதுதான் அதற்கு ஆளில்லை.

நம் ஊரில் பெரிய குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கச் செய்வதுபோல், நம் நல்ல பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு அவர்கள் வாசலில் உட்காரட்டுமா? அது அவருக்கு இன்னும் கூச்சமாகிவிடுமா? அடுப்பில் சோறு கொதிக்கிறது, முடிக்கிறேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள், அம்மா.